ஜாடியும் பதினோரு சிவப்பு வட்டங்களும்

1

"இந்த வீட்டில் ஒரு நாய் இருந்ததே வாங்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது" என்று எமிலி சொன்னாள். அவள் அதைச் சொன்ன நேரத்தில் அந்த நாய் அவள் காலடியில் படுத்துக்கொண்டு அவளுடைய செருப்பு வாரைச் சப்பிக்கொண்டிருந்தது.

எமிலி வீடு விற்றுக் கொடுக்கிற பெண். நம் ஊரில் புரோக்கர் என்போம். நம் ஊர் புரோக்கர் பையில் பத்திர நகலும் வாயில் வெற்றிலையுமாக வருவார். இந்தப் பெண் கையில் ஒரு பலகை போன் வைத்துக்கொண்டு வந்தாள். அறை அறையாகப் போய்ப் படம் எடுத்தாள். ஒவ்வொரு படத்திலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு வால் விழுந்தது.

விருத்தாசலத்தில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் எழுதுகிறேன் என்பதும் சரியில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி தட்டச்சு செய்கிறாள். அவள் பெண்ணாடத்துக்காரி. அவளைப் பற்றி நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் அந்த இடத்தில் அவளே திருத்திவிடுவதாக எச்சரித்திருக்கிறாள்.

நாங்கள் இருப்பது மெல்பர்ன். என் மகன் அன்பழகனும் செல்வியும் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டை வாங்கினார்கள். என் மனைவி போன பிறகு, எட்டு வருடம் முன்னால், நானும் வந்து சேர்ந்தேன். பேத்தி நிலா இப்போது படிப்புக்காக சிட்னிக்குப் போய்விட்டாள். மாடிப்படி என் முட்டிக்கு ஒத்துவரவில்லை. செல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் வீடு பார்த்துவிட்டார்கள். லிஃப்ட் இருக்கிறது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்தக் கட்டடத்தில் நாய் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் குடியிருப்போர் கமிட்டி எழுத்தில் அனுமதி தர வேண்டும். தராவிட்டால், மூன்று மணி நேரத் தொலைவில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிற அன்புவின் சிநேகிதன் ஒருவனிடம் நாயை விட்டுவிடுவது என்று முடிவு. "அங்க நல்லா ஓடியாடும்ப்பா" என்று அன்பு சொன்னான். பத்து வயது நாய். ஓடியாடுகிற வயது அதுக்கும் போய்விட்டது, எனக்கும் போய்விட்டது. நாங்கள் இருவரும் பூங்கா வரைக்கும் நடந்து, பெஞ்சு வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காருகிறவர்கள்.

நாயின் பெயர் ஜாடி. ஆறு வருடம் முன்னால் அநாதைப் பிராணிகளை வைத்திருக்கிற இடத்திலிருந்து கொண்டுவந்தோம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்ததால் யாரும் எடுக்காமல் கிடந்தான். வெள்ளை உடம்பு, கழுத்துக்கு மேலே பழுப்பு. குந்தினால் நம் ஊரில் செய்கிற ஊறுகாய் ஜாடி அப்படியே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். நான் அவனுடைய உச்சந்தலையில் விரலால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். வால் ஆடியது. "நல்ல சரக்கு, எடுத்துக்கலாம்" என்றேன். பூங்காவுக்கு வருகிற வெள்ளைக்காரப் பெண்கள் இன்றைக்கும் அவனை ஜோடி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது இங்கே பெண் பெயராம். அவன் கண்டுகொள்வதில்லை.

2

எமிலி ஒரு பட்டியல் கொடுத்தாள். ஜாடியின் மெத்தை, தட்டு, சங்கிலி, பந்து எல்லாம் வீட்டை விட்டுப் போக வேண்டும். சுவரில் நிலாவும் அவனும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற படம் இறங்க வேண்டும். புல்தரையில் அவன் சிறுநீர் பட்டு மஞ்சளடித்த இடங்களில் புதுப் புல் பதிக்க வேண்டும். எலுமிச்சை மரத்தடியில் தோண்டிய பள்ளத்தை மூட வேண்டும். தரைவிரிப்பில் ஒரு மயிர் இருக்கக்கூடாது. நான்கு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டிலிருந்து அரை மணி நேரம், ஊர்க்காரர்கள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நாயும் இருக்கக்கூடாது, நாங்களும் இருக்கக்கூடாது.

"மாமா, மயிரு எடுக்குற வேல ஒங்களுது" என்று செல்வி ரப்பர் கையுறையைக் கொடுத்தாள்.

அது ஒரு நல்ல உபாயம், தெரிந்துகொள்ளுங்கள். கையுறையை லேசாக நனைத்துக்கொண்டு விரிப்பைத் தடவினால் மயிரெல்லாம் திரண்டு வரும். நான் ஒரு மூலையிலிருந்து திரட்டிக்கொண்டே போவேன். ஜாடி பின்னாலேயே வந்து, திரட்டின இடத்தில் படுத்து உருளுவான். மூன்று நாளில் இன்னொரு நாய் செய்கிற அளவுக்கு மயிர் சேர்ந்தது. பிறகு விரிப்பெல்லாம் ஆப்பசோடா தூவி, ஒரு ராத்திரி ஊறவைத்து, மெஷினால் உறிஞ்சி எடுத்தோம். ஆப்பத்துக்குப் போடுகிற சோடா நாய் வாடையை இழுக்கும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

எமிலி வந்து நடுவீட்டில் நின்று கண்ணை மூடி மூக்கை உயர்த்தினாள். நாங்கள் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

"நாய் வாசனை சுத்தமாக இல்லை. ஆனால் வேறு ஏதோ ஒன்று பலமாக இருக்கிறதே?"

செல்வி முகம் சிவந்து, "அது பெருங்காயம்" என்றாள்.

அதற்கப்புறம் நான்கு வாரம் வீட்டில் தாளிப்பு கிடையாது. தயிர்சாதம், ஊறுகாய். ரொட்டி, ஜாம். ஜாடிக்கு மட்டும் அவன் வழக்கமான சாப்பாடு. "நாய மறைக்கச் சொன்னாங்கன்னு பாத்தா நம்பளத்தான்டா மறைக்கணுமாம்" என்றேன் அன்புவிடம்.

விருத்தாசலத்தில் நான் என் வீட்டை விற்றபோது நடந்தது நினைவுக்கு வந்தது. அதை வாங்கியவர் கம்மாபுரம் பக்கத்து ஆள். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது, டவுனில் வீடு தேடிக்கொண்டிருந்தார். அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பத்திரத்தைக் கேட்டார். அவருடைய மனைவி வீட்டுக்குள்ளேயே வரவில்லை. நேரே பின்கட்டுக்குப் போய் மாடு கட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். மாட்டின் கழுத்தைத் தடவினார். அங்கேயே பின்கட்டு அடுப்பு மேடைக்குக் கீழே பூனை குட்டி போட்டிருந்தது. அதைக் குனிந்து எண்ணினார்.

"நாலு இருக்குதுங்க" என்று புருஷனிடம் சொன்னார். "பூன குட்டி போட்ட வூடு. பேசி முடிச்சிடுங்க." என்னிடம் திரும்பி, "மாட்ட நீங்க ஓட்டிக்கினு போங்க. பூனைய வுட்டுட்டுப் போயிடுங்கண்ணே" என்றார்.

அங்கே வீட்டைப் பார்க்க ஆள் வந்தால் மாட்டைக் குளிப்பாட்டி முன்னால் கட்டுவோம். இங்கே நாயை வீட்டை விட்டே கொண்டுபோய் மறைக்கிறோம்.

மாடு என்றதும் இன்னொன்று. இந்த மெல்பர்ன் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் செய்தபோது பசுவும் கன்றும் முதலில் நுழைய வேண்டுமே என்று செல்வி கவலைப்பட்டாளாம். இந்தத் தெருவில் பசுவை ஓட்டிவந்தால் நகராட்சிக்காரர்கள் அதற்கும் நிரப்பச் சொல்லி ஒரு பாரம் நீட்டுவார்கள். அதனால் நான் ஊரிலிருந்து ஒரு பீங்கான் பசுவும் கன்றும் அனுப்பிவைத்தேன். நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் சுட்டது. ஒரு கொம்பு சூளையில் ஒட்டிக்கொண்டு முனை போய்விட்டது, அதனால் கழித்துக்கட்டியது. அதை நிலா, அப்போது நான்கு வயது, தூக்கிக்கொண்டு முதலில் நுழைந்தாள். எமிலியின் பட்டியலில் அந்தப் பசு மட்டும் தப்பித்தது. "இது இருக்கட்டும், அழகாக இருக்கிறது" என்றாளாம். பீங்கானுக்கு மயிர் கொட்டாது.

3

நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியும்.

சூளையிலிருந்து சரக்கு ஆறி வெளியே வந்ததும் அதைத் தரம் பிரிக்கிறவன் நான். முப்பத்தோரு வருடம் அதே வேலை. ஜாடியோ, கோப்பையோ, கரண்டுக் கம்பத்தில் கம்பி தாங்குகிற குப்பியோ, எதுவானாலும் விரல் கணுவால் ஒரு தட்டு. நல்லதென்றால் கணீர் என்று சொல்லும். கீறல் இருந்தால் தொண்டை கட்டின மாதிரி சொல்லும். சந்தேகம் இருந்தால் மையைத் தடவித் துடைப்போம். துடைத்த பிறகும் ஒரு மயிரிழை நின்றால் அதுதான் கீறல். அந்த இடத்தைச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு எண் எழுதி, கழிவு வரிசையில் வைப்போம். வட்டம் போட்ட பக்கம் முன்னால் தெரிகிற மாதிரிதான் வைக்க வேண்டும். எங்கள் மேஸ்திரி அதில் கறார். வட்டத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால், "எந்தப் பொண்டாட்டிக்குடா முந்தான போட்டு மூடுற?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

நம் ஊரில் பாதி வீட்டில் அந்தக் கழிவுச் சரக்குத்தான் இருக்கும். குறை என்னவென்று தெரிந்து வாங்குவார்கள், வீட்டுக்கு வந்து வட்டத்தைத் தேய்த்து அழிப்பார்கள், பேரன் காலம் வரை வைத்துக்கொள்வார்கள். அந்தப் பென்சில் ஒன்று இன்றைக்கும் என் சட்டைப் பையில் இருக்கிறது. பழக்கம்.

முதல் சனிக்கிழமை. அன்பு முந்தின நாளே சொல்லியிருந்தான்: "அப்பா, காலையில எட்டு மணிக்கு பெயிண்டர் வரான். ஜாடி எங்கெங்க கீறி வச்சிருக்குதுன்னு பாத்து வையி. அவன் தொட்டு வுட்டுட்டுப் போயிடுவான்." அன்பு சாமான்களை ஒரு வாடகைக் கொட்டகையில் போட விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டான். செல்வி காலை டியூட்டிக்குப் போய்விட்டாள்.

பார்த்து வை என்றால் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்.

பின்கதவின் கீழ்ப்பாகத்தில் மூன்று நீளக் கீறல். வட்டம், ஒன்று. சமையலறை நிலைச்சட்டத்தைக் குட்டியில் கடித்தது என்று அவன் மேல் பழி உண்டு. குட்டியில் அவன் எங்களிடம் இல்லை, போன வருடம் கடித்தான். இரண்டு. இப்படியே போனேன். துணி துவைக்கிற அறையில் அவனுடைய தண்ணீர்த் தட்டு இருந்த இடத்தில் தரைப் பலகை உப்பிப்போயிருந்தது. எமிலி அதன்மேல் ஒரு அழகான மிதியடி போட்டு மறைத்திருந்தாள். அதைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டு, ஐந்து. முன் ஜன்னலின் அடிப்பலகையில் அவன் மோவாயை வைத்துத் தெருவைப் பார்ப்பான். ஆறு வருடத்தில் அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் போய் வழவழவென்று ஆகியிருந்தது. இது சேதமா இல்லையா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, முறை முறைதான் என்று அதற்கும் வட்டம் போட்டேன். ஏழு. மொத்தம் பதினொன்று வந்தது.

பெயிண்டருக்குச் சாவியை வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு, நானும் ஜாடியும் பூங்காவுக்குப் போய்விட்டோம்.

பெயிண்டர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று அன்புவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். அன்பு அதைப் பார்த்தது பன்னிரண்டரைக்கு. எமிலி பன்னிரண்டு மணிக்குப் பதினாறு பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறாள்.

4

"என்னாப்பா பண்ணி வச்சிருக்க?" அன்பு பூங்காவுக்கே வந்துவிட்டான். "வூடு பூரா செவப்பு செவப்பா!"

"நீதானடா பாத்து வையின்ன?"

"பாத்து வையின்னா? நம்பர் போட்டுமா வைப்பாங்க?"

"நம்பர் போடாட்டி எத்தினின்னு பெயிண்டருக்கு எப்பிடித் தெரியும்?"

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்தான். ஜாடி எங்கள் இரண்டு பேர் காலுக்கும் நடுவே புகுந்துகொண்டான்.

எமிலி சொன்னதை அப்புறம் செல்வி எனக்குச் சொன்னாள். வந்தவர்களோடு இருந்த பிள்ளைகள் எண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டார்களாம். "ஆறு இங்கே! ஏழு எங்கே?" என்று மாடிக்கும் கீழுக்கும் ஓட்டம். பெரியவர்களும் சேர்ந்து தேடினார்களாம். அரை மணி நேரத்தில் போக வேண்டியவர்கள் ஒரு மணி நேரம் போகவில்லை. போகும்போது ஒருவரும் சமையலறை எப்படி, வெளிச்சம் எப்படி என்று கேட்கவில்லை. "அந்த நாய் எங்கே?" என்று கேட்டார்களாம்.

அன்பு கோபத்தில் பதினோரு வட்டத்தையும் படம் எடுத்து, குடும்ப வாட்ஸப்பில், "உன் தாத்தா வேலை" என்று நிலாவுக்கு அனுப்பினான். நிலாவின் தமிழ் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வருகிறது. முதலில் ஒரு வாக்கியத்தில் நான்கு தமிழ் வார்த்தை, இப்போது இரண்டு. அன்றைக்குப் போனில் அழைத்து, "தாத்தா, சூப்பர். ஜாடி எப்படி இருக்கு?" என்றாள். ஐந்து வார்த்தை. நான் விரலில் எண்ணினேன்.

(தாத்தா எண்ணினார் என்று நிலாவுக்குத் தெரிந்தால் அடுத்த முறை பேசவே மாட்டாள். – செல்வி)

அந்த வாரமே கமிட்டியின் பாரம் வந்தது. ஜாடிக்கு ஆறு பக்கம். எனக்கு விசா வாங்கியபோது இவ்வளவு கேட்டார்களா என்று சந்தேகம். பெயர், இனம், எடை, ஊசி போட்ட தேதி, காதுக்குப் பின்னால் பதித்திருக்கிற சில்லின் எண், புகைப்படம், அவன் நடத்தையைப் பற்றிச் சாட்சி சொல்ல இரண்டு பேர். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்தப் பிராணி இதற்கு முன் இருந்த வீட்டில் ஏதாவது சேதம் செய்திருக்கிறதா? ஆம் என்றால் விவரம் தருக.

அன்பு பேனாவை எடுத்து 'இல்லை' என்பதை நோக்கிப் போனான்.

"இருக்குதேடா" என்றேன்.

"எல்லாரும் இல்லன்னுதாம்ப்பா போடுவாங்க."

"பதினொண்ணு இருக்குது."

"அப்பா." பேனாவைக் கீழே வைத்தான். "பதினொண்ணுன்னு எழுதுனா ஜாடி அந்த ஆட்டுப் பண்ணைக்குத்தான் போவும். ஒனக்கு அது சரின்னா நா எழுதுறேன். நீயே சொல்லு."

எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றேன். ஏழாம் எண் வட்டத்தின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு ஜாடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்போது சேத்தியாத்தோப்புப் பெண்மணி ஒருவர் நினைவு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். லாரி நின்றுகொண்டிருந்தது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான், மேஸ்திரி கத்துகிறார். ஒரு பெரிய ஜாடியைத் தட்டினேன். தொண்டை கட்டின சத்தம் வந்தது. காது கேட்டது. ஆனால் கை அதை நல்ல வரிசையில் வைத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்மணி அதே ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். வழியெல்லாம் ஊறுகாய் எண்ணெய் புடவையில் ஊறியிருந்தது. பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லையாம்.

"இத தட்டிப் பாத்தது யாருப்பா?"

நான் கையைத் தூக்கினேன்.

"காதுல என்னா பஞ்சா வச்சிருந்த? ஒரு வருசத்து எலுமிச்சங்கா. பூரா தரையில ஓடிப்போச்சு. எறும்புகூட சீண்டல."

மேஸ்திரி வேறு ஜாடி கொடுக்கச் சொன்னார். அவர் வாங்கவில்லை. நான் அவர் கண் முன்னால் நான்கு ஜாடி தட்டிக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவரும் காதை வைத்துக் கேட்டார். ஐந்தாவதைத்தான் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "இனிமே காதத் தொறந்து வையி தம்பி" என்றார். நான் வைத்தேன். அதற்கப்புறம் எந்த லாரிக்கும் என் கை அவசரப்படவில்லை.

"எழுது" என்றேன் அன்புவிடம். "பதினொண்ணு. அந்த ஃபோட்டோவையும் சேத்து அனுப்பு."

செல்வி என்னையே பார்த்தாள். "மாமா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சா மாத்திச் சொல்லிடுவேன். சீக்கிரம் எழுதச் சொல்லும்மா."



5

நான்காவது சனிக்கிழமை வீடு ஏலத்தில் போனது. இங்கே வீட்டு வாசலில், தெருவிலேயே நின்று ஏலம் விடுகிறார்கள், நம் ஊர்க் கோயில் வாழைத்தார் ஏலம் மாதிரி. மூன்றே பேர் கேட்டார்கள். எடுத்தவர் ஒரு கட்டடக்காரர். கையெழுத்துப் போட உள்ளே வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. பெயிண்ட் அடித்து மறைத்த கதவைப் பார்க்கவே இல்லை. பின்னால் போய்க் காலடியால் மனையை அளந்தார்.

"இதை இடித்துவிட்டு இரண்டு வீடாகக் கட்டப் போகிறார்" என்றாள் எமிலி.

செல்வி அதைத் தமிழில் எனக்குச் சொல்ல, நான் சொன்னதை அவள் இங்கிலீஷில் எமிலிக்குச் சொன்னாள்: "அப்பிடின்னா நாலு வாரம் நான் எதுக்கும்மா தயிர்சாதம் தின்னேன்?"

எமிலி சிரித்த சிரிப்பில் கட்டடக்காரர் திரும்பிப் பார்த்தார். அன்று ராத்திரி வீட்டில் வற்றல்குழம்பு. தெருக்கோடி வரை மணத்திருக்கும்.

செல்வி கட்டடக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அந்த முன் ஜன்னல் அடிப்பலகையைக் கழற்றிக்கொள்ளலாமா என்று. இடிக்கிற வீடு, அவருக்கென்ன. எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாயை மறைக்க என் கையில் கையுறையை மாட்டிவிட்டவளும் அவள்தான்.

(பலகை நல்ல மரம். அதற்காகத்தான் கேட்டேன். – செல்வி)

6

கமிட்டியிலிருந்து பதில் வந்தது. ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. விண்ணப்பதாரரோடும் நாயோடும் நேரில் பேச வேண்டுமாம். அதோடு ஒரு வரி: கட்டடத்தின் முன்கூடத்தில் மூன்று மாதமாகப் பிராணி ஒன்று அசுத்தம் செய்துவருகிறது, அதனால் இனி புதிய நாய்களைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போடுவது பற்றிக் கமிட்டி யோசித்துவருகிறது.

"முடிஞ்சுதுப்பா" என்றான் அன்பு. ஆட்டுப் பண்ணைக்காரனுக்குப் போன் செய்யப் போனவனைச் செல்வி கையைப் பிடித்து நிறுத்தினாள். "பாத்துட்டு வந்துடுறோம். இருங்க."

நான் ஜாடியைக் குளிப்பாட்டினேன். மாட்டைக் குளிப்பாட்டி முன்னால் கட்டுகிற மாதிரி.

கமிட்டித் தலைவி மார்கரெட் என்கிற அம்மா. என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். முதுகு இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்தது போல் நேராக இருந்தது. ஒரு கையில் டீக்கோப்பை, இன்னொரு கையில் எங்கள் பாரம். முன்கூடத்திலேயே மூன்று நாற்காலி போட்டுவைத்திருந்தார். பளிங்குத் தரை. நடுவில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீலப் பீங்கான் தொட்டி, அதில் ஒரு பனை மாதிரிச் செடி.

"பதினோரு சேதம்" என்று அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். செல்வி மொழிபெயர்த்தாள். "படத்தோடு. எண்ணோடு. இருபது வருடமாக இந்தப் பாரத்தைப் படிக்கிறேன். எல்லாரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள். நீங்கள் ஏன் இப்படி எழுதினீர்கள்?"

"இருந்துதுங்க, எழுதுனோம்" என்றேன்.

செல்வி அதை இங்கிலீஷில் கொஞ்சம் நீட்டிச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியாது.

அவர் பதில் சொல்வதற்குள் ஜாடி எழுந்தான். என் கையிலிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு நேரே அந்த நீலத் தொட்டியிடம் போனான். சுற்றி மோந்தான். மார்கரெட் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். செல்வி, "ஐயோ மாமா, புடிங்க, புடிங்க!" என்றாள். ஆறு வருடம் பழகியவன், இன்றைக்கா, இங்கேயா, இவர் கண் முன்னாலா?

ஜாடி காலைத் தூக்கவில்லை. குனிந்து தொட்டியின் அடியை நக்க ஆரம்பித்தான். சப்சப் என்று, தாகத்துக்குக் குடிக்கிற மாதிரி.

நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தேன். தொட்டியின் அடியில் ஈரம். விரலால் தொட்டு மோந்தேன். மண் வாடைதான், வேறொன்றும் இல்லை.

"செல்வி, இந்தச் செடிக்கு எப்பத் தண்ணி ஊத்துறாங்கன்னு கேளு."

திங்கட்கிழமை. அசுத்தம் எப்போது தெரிகிறது? செவ்வாய், புதன். துடைக்கிறவர் விடியற்காலையில் வந்து மருந்து போட்டுத் துடைத்துவிடுவாராம். இரண்டாம் மாடியில் ஒரு குட்டி நாய் இருக்கிறது, அதன் மேல் எல்லாருக்கும் சந்தேகம். அந்த வீட்டுக்காரரும் மார்கரெட் அம்மாவும் பேச்சு நின்று இரண்டு மாதமாம்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் பத்தவில்லை. தட்டிப் பார்க்கவும் வழியில்லை. மண் நிரம்பின தொட்டி தட்டினால் பேசாது. நகத்தை வைத்து அடியிலிருந்து மேலே இழுத்தேன். ஒரு இடத்தில் நகம் லேசாகத் தடுக்கியது. எத்தனையோ வருடம் கழித்து அந்தத் தடுக்கல்.

"அந்தம்மா டீயக் கொஞ்சம் கேட்டு வாங்கு."

"மாமா, டீயா?"

"குடிக்கறதுக்கு இல்லம்மா. வாங்கு."

மார்கரெட் அம்மா கோப்பையைக் கொடுத்தார். என்ன நினைத்தாரோ தெரியாது, கொடுத்துவிட்டார். பால் இல்லாத டீ, நல்லதாகப் போயிற்று. அதைத் தொட்டு அந்த இடத்தில் தடவி, ஒரு நிமிடம் விட்டு, என் மேல்துண்டால் துடைத்தேன். நீலத்தின் மேல், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, மயிரிழை போலப் பழுப்புக் கோடு ஒன்று நின்றது. மூன்று மாதத்து அசுத்தம் இந்தக் கீறல் வழியாகக் கசிந்த தண்ணீர்தான்.

மார்கரெட் அம்மா நேரான முதுகை வளைத்துக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னார். செல்வி அதை மொழிபெயர்க்கவில்லை. தட்டச்சும் செய்ய மாட்டேன் என்கிறாள்.

நான் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து வட்டம் போட்டேன். பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன்.

7

அனுமதி எழுத்தில் வந்தது. ஒரு நிபந்தனையோடு: முன்கூடத்திலும் லிஃப்டிலும் பிராணியின் கால் தரையில் படக்கூடாது, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். குட்டி நாய்களுக்கு எழுதின விதி. ஜாடி இருபத்திரண்டு கிலோ. என்னால் என்னையே தூக்க முடியவில்லை. செல்வி காய்கறி வாங்குகிற தள்ளுவண்டியை வெளியே எடுத்து, அதில் அவனுடைய பழைய மெத்தையை மடித்துப் போட்டாள். அவன் ஏறிக் குந்தினான். கோவிலுக்குப் போகிற பல்லக்கில் உட்கார்ந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

குடிபோகிற நாள் நிலாவும் சிட்னியிலிருந்து வந்தாள். அன்பு பாலும் அடுப்பும் எடுத்துக்கொண்டான். செல்வி கையில் அந்தக் கொம்பு போன பீங்கான் பசு. கீழே இரண்டாம் மாடிக்காரர் தன் குட்டி நாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை. நீலத் தொட்டி போய் அந்த இடத்தில் பிளாஸ்டிக் தொட்டி வந்திருந்தது. தட்டிப் பார்த்தேன். அதில் கேட்க ஒன்றுமில்லை.

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்ததும் செல்வி பசுவை நீட்டினாள். "நிலா, நீ எடுத்துக்கினு போ. போன தடவையும் நீதான் போன."

நிலா பசுவை வாங்கி, வண்டிக்குள் ஜாடியின் காலடியில் வைத்தாள்.

"தாத்தா, ஜாடியே போகட்டும். அதுக்குத்தானே இவ்வளவும் செஞ்சோம்" என்றாள். ஆறு வார்த்தை, ஆறும் தமிழ்.

நான் வண்டியைத் தள்ளினேன். வாசற்படியைத் தாண்டினதும் ஜாடி குதித்து இறங்கினான். அறை அறையாக மோந்தான். பால் பொங்குகிறதற்குள் பால்கனிக் கதவைக் கண்டுபிடித்துவிட்டான். அன்பு வெளியே பால்கனியில் அந்த ஏழாம் எண் ஜன்னல் பலகையை வைத்திருந்தான். கதவு சாத்தியிருந்தது. ஜாடி எங்களைத் திரும்பிப் பார்த்தான், பிறகு முன்னங்காலைத் தூக்கிக் கதவை ஒரு இழுப்பு இழுத்தான்.

புத்தம் புதுப் பெயிண்டில் மூன்று நீளக் கீறல்.

நான் சட்டைப் பையில் கையை விட்டேன். பென்சில் இல்லை.

(எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். – செல்வி)